ஹாரன் அடித்ததும் எழுந்து வந்த பேய்ப்படம்

நேற்று மத்தியானம், நல்ல வெயிலில், நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார்.

"என்ன தம்பி, பாம்பா?"

பாம்பு இல்லை. செல்போனில் ஒரு அம்மா சோறு பரிமாறினார். அவ்வளவுதான்!

(குட்டியானை லோடு வண்டி ஓட்டுபவன். பெரிய மீசை வேறு. மானம் போச்சு!)

விஷயம் இதுதான். என் மகள் கயல் பெரம்பலூரில் காலேஜ் படிக்கிறாள். ஆண்டு விழா நாடகத்தில் அவளுக்குப் பேய் வேஷம்.

அதுவும் எந்தப் பேய்? எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் வரும் மருமகள் பேய்!

முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"ஏம்ப்பா?"

"அது புள்ளைய உள்ள வச்சு எரிச்ச பேயி பாப்பா. நாளைக்கு ஊர்ல உன்னய அந்தப் பேரு சொல்லித்தான் கூப்புடுவானுங்க."

"அவ எரிக்கவே இல்லப்பா!"

"நான் தியேட்டர்லயே பாத்தவன். எனக்கே கதை சொல்றியா?"

"முழுசா பாத்தீங்களா?"

மாட்டிக்கொண்டேன்.

விக்கிரமங்கலம் பக்கத்து ஆட்களுக்கு இது புரியும். நான் டவுசர் போட்ட காலத்தில் ஜெயங்கொண்டத்தில் மேட்னி பார்க்கப் போனால், எங்கள் ஊர் பஸ் டிரைவர் தியேட்டர் வாசலில் நிறுத்தி நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார். அதை விட்டால் நடைதான். திரையில் யார் செத்தாலும் பிழைத்தாலும் மொத்த ஊரும் எழுந்துவிடும்.

(கடைசியில் போலீஸ் வரும், அவ்வளவுதானே என்று ஒரு தைரியம்.)

அன்றைக்கு ஹாரன் அடித்தபோது மருமகள் வைக்கோல் கொட்டகைக்குத் தீ வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை உள்ளே. நாங்கள் பஸ் ஏறிவிட்டோம். பிள்ளையைக் கொன்ற பேய், படமும் வேஸ்ட் என்று பஸ்ஸிலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டோம்.

இத்தனை வருடமாக அந்தத் தீர்ப்பை யாரும் மாற்றவில்லை!

கயல் விடவில்லை. செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்தாள். "உக்காருங்க. இன்னைக்கு ஹாரன் கெடையாது."

உட்கார்ந்தேன்.

மருமகளாக வரும் அந்த அம்மாவின் நடிப்பை என்னவென்று சொல்வது! தலைவிரி கோலம் இல்லை. பல்லைக் கடிக்கவில்லை. எல்லாருக்கும் சோறு போட்டுவிட்டு, யாருமே உட்காராத ஒரு இலைக்கும் போடுகிறார். "இன்னுங் கொஞ்சம்?" என்று அந்த இலையைப் பார்த்துக் கேட்கிறார்.

அங்கேதான் நான் கத்தியது.

ஒரு இடத்தில் கயல் படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டினாள். "கைய பாருங்கப்பா."

மருமகள் மேல் பேய் வந்து அலறுவதற்கு ஒரு நொடி முன்னால், மடியில் இருக்கும் குழந்தையின் காதை அந்த அம்மா உள்ளங்கையால் மூடுகிறார்!

பேய்க்கு எதற்கு அந்தக் கவலை?

கடைசிப் பகுதியில்தான் விடை. அவளைப் பேய் பிடிக்கவே இல்லை, எல்லாம் நடிப்பு. குழந்தையின் பேரில் இருக்கும் சொத்துக்காக அதைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார் மாமனார். மருமகளாகச் சொல்லிப் பார்க்கிறாள், ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. பேயாகப் பேசினால் மொத்த வீடும் கைகட்டிக் கேட்கிறது. கொட்டகையைக் கொளுத்தியது ஊரைக் கூட்டத்தான். குழந்தையைப் பின்பக்கமாக முன்னாலேயே வெளியே எடுத்துவிட்டாள்.

எல்லாரும் காலில் விழுகிறார்கள். அவள் குழந்தையை இறக்கி விட்டு, சொந்தக் குரலில், "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்கிறாள்.

ஒருத்தரும் நகரவில்லை. இப்போது அவள் வெறும் மருமகள்தானே!

அந்த நேரம் அந்த அம்மா முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. அதை எழுத எனக்குப் படிப்பு போதாது.

இந்த நடிப்பை நாங்கள் பஸ்ஸுக்காக விட்டோம். மற்ற ஊர்க்காரர்கள் எதற்கு விட்டார்களோ! யூடியூபில் நாலைந்து கமெண்ட்தான் கிடக்கிறது.

நான் துண்டால் முகத்தைத் துடைத்தேன். (வேர்வை. நம்புங்கள்.)

கயல் எழுந்து அடுப்படி வாசலில் போய் நின்றாள். படத்தில் வந்த மாதிரி இல்லை, அவள் குரலில், மெதுவாக: "கொஞ்சம் தண்ணி குடுங்க."

உள்ளே கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி படம் பார்க்கவே இல்லை. அரிவாள்மனையை விட்டு எழுந்து, டம்ளரில் தண்ணீரோடு ஓடி வந்தாள்.

"ஏண்டி இப்புடி கேக்குற? என்னடி ஆச்சு?"

"ஐயோம்மா, டயலாக்கும்மா!"

"டயலாக்கா? நான் என்னமோ ஏதோன்னு ஓடியாறேன்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

"சரி பாப்பா, நடி" என்றேன்.

"நெசமாவாப்பா? அப்பறம் ஏன் மூஞ்சி இப்புடி இருக்கு? இன்னும் அந்தப் பேரு சொல்லிக் கூப்புடுவாங்கன்னு பயமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. போயி நல்லா செய்யி."

நல்லா செஞ்சிட்டா நீ இந்த வூட்டோட நிக்க மாட்டியே பாப்பா, அதான் பயம் என்பதை மட்டும் சொல்லவில்லை.