நிமிடத்துக்கு நாற்பது சொல்

உருது புழங்கும் அல்வாலில் நடக்கும் தமிழ் முதியோர் கல்வி வகுப்புக்கு, நிமிடத்துக்கு நாற்பது சொல் படிக்கவேண்டும் என்று அளவுகோல் வகுத்தவள் ஆசிரியை ஆக்னஸ். அன்று முதல் சோதனை. கையில் கடிகாரத்தோடு குஷியாக உட்கார்ந்திருந்தாள்.

ரயில்வே பட்டறையில் துப்புரவு வேலை பார்க்கும் ராஜம், படிக்கக் கொடுத்த முயல் கதையில் ஒரு நிமிடத்தில் பதினோரு சொல்லோடு நின்றுவிட்டாள். ஆக்னஸ் தாளில், 'தேறவில்லை. மீண்டும் ஆரம்ப வகுப்பு' என்று எழுதினாள்.

எதிரே இருந்த ராஜம் அதைத் தலைகீழாகவே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். முகம் சிவந்தது.

"நக்கோ மேடம், வேணாம்! முயல் எங்க போனா எனக்கென்ன? என்னைப் பத்தி எழுதினா சும்மா விடுவேனா?"

ஆக்னஸ் துள்ளி எழுந்தாள். இதுவல்லவா அளவுகோல்! 'நிமிடத்துக்கு நாற்பது சொல்' என்ற விதியை அடித்துவிட்டு, 'தன்னைப் பற்றி எழுதியதைப் படித்துக் கேள்வி கேட்கவேண்டும்' என்று மளமளவென்று எழுதினாள்.

ராஜம் அதையும் தலைகீழாகவே படித்தாள்.

"ஹவ், இது சரி."