வானத்திலிருந்து விழுந்த மண்மூட்டை

போன வாரம் ரேஷன் கடை வரிசையில் நின்றபோது உள்ளே யாரோ ஒரு புதுச் சாக்கை உதறினார்கள். சணலும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர் மகிழ்ச்சியோடு ஓரடி முன்னால் போனார். வீட்டில் அரிசி எங்கே என்று கேட்டார்கள். கூட்டம் அதிகம் என்றேன். உங்களிடம் உண்மையைச் சொல்லலாம்.

பர்மாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு இருபது வயது. வேதாகமத்திலிருந்து பாதியும் இலக்கணப் புத்தகத்திலிருந்து பாதியுமாகக் கற்ற இங்கிலீஷ் கொஞ்சம் கைவசம் இருந்தது. அதை நம்பி, கே.ஜி.கண்டிகைப் பக்கம் கூடாரம் போட்டிருந்த பட்டாளத்தில் மொழிபெயர்ப்பு வேலை கொடுத்தார்கள். கூடவே ஒரு காக்கி அரைக்கால் சட்டையும். அதில் என்னைப்போல் இரண்டு பேர் நுழையலாம். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு திருத்தணிக் கடைத்தெருவில் பாதி துரையாக நடந்தேன்.

தரையில் நடக்கும் படையும் மேலே பறக்கும் படையும் ஒன்றுக்கொன்று உதவப் பழகுவதற்காகப் போட்ட முகாம் அது. விமானப்படையின் இளம் அதிகாரி ஒருவர் பட்டாளத்தோடேயே தங்கியிருந்தார். பர்மாக் காட்டில் சாலை கிடையாது, ஆகாயம்தான் சாலை என்பார். சோறு, மருந்து, தோட்டா எல்லாம் மேலிருந்து விழவேண்டும். எதிரியின் பீரங்கி எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதும், படை முன்னேறும்போது அதற்கு முன்னால் குண்டு போடுவதும், காயம்பட்டவனைத் தூக்கிப்போவதும் விமானத்தின் வேலை. இதையெல்லாம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டும். "நெருங்கிய ஆதரவு" என்று மொழிபெயர்த்தேன். ஒரு பெரியவர், "ரொம்ப நெருங்காம ஆதரிக்கச் சொல்லுப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மூட்டைகளை இரட்டைச் சாக்கில் தைப்பார்கள். விழும் வேகத்தில் உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு தாங்கும். பழகுவதற்கு அரிசியை வீணாக்க முடியாது என்று மண்ணை நிரப்பினார்கள். முகாமை ஒட்டியிருந்த ஏரியின் கிழக்குக் கரையில் வெள்ளைத் துணிகளைப் பெரிய குறியாக விரித்து வைப்போம். விமானம் அதைப் பார்த்துத் தாழ்ந்து வந்து மூட்டைகளைத் தள்ளும்.

அந்த ஏரியில்தான் ஏகாம்பரமும் அவர் மனைவி மங்கம்மாவும் துணி வெளுப்பார்கள். திருத்தணி ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் முழுக்க அவர்கள் கையில். விமானம் வருவதற்கு முதல் நாளே ஏகாம்பரம் வந்து கேட்டார்.

"தம்பி, நாளைக்கு ஏரோப்ளேன் வருதாமே. நாங்க துணி போடலாமா, வாணாமா?"

"கிழக்கால வராதீங்க. மேற்குக் கரையில ஒண்ணும் ஆவாது. நீங்க பாட்டுக்கு வெளுங்க."

யாரையும் கேட்காமல் நானாகச் சொன்ன பதில் அது. பாதி துரை அல்லவா.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். விமானம் மணவூர்ப் பக்கமிருந்து வந்தது. எங்கள் துணிக்கு நேராக வந்துகொண்டிருந்தது சட்டென்று திரும்பியது. அப்போதுதான் நான் மேற்குக் கரையைப் பார்த்தேன். வரிசையாக விரித்த விரிப்புகள் வெயிலில் எங்கள் துணியைவிடப் பளிச்சென்று கிடந்தன. அதிகாரி கம்பியில்லாத் தந்திக்காரனிடம் கத்தினார். அவன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். பெட்டியிலிருந்து கரகரப்பு மட்டும் வந்தது. போடாதே என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு வாணம் ஒன்றைச் சுட்டார்கள். அது விமானத்துக்குப் பின்னால் எரிந்து விழுந்தது.

நான் ஓடினேன். ஏரியின் நடுவில் முழங்கால் வரை சேறு. கயிறு அவிழ்ந்து அரைக்கால் சட்டை வேறு நழுவியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஓடினேன் என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஏகாம்பரம் நிமிர்ந்து, விமானத்தைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். வணக்கம் வைத்தாரா, வேண்டாம் என்றாரா, தெரியவில்லை. மூட்டைகள் விழுந்தன. ஐந்தாறு விழுந்திருக்கும். ஒன்று போதுமானதாக இருந்தது.

மங்கம்மா சற்றுத் தள்ளி, வெளுப்பதற்கு உவர்மண் கரைத்துக்கொண்டிருந்ததால் தப்பினாள். ஏகாம்பரத்தைப் பட்டாளத்து லாரியில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். திருத்தணி மலையடிவாரம் சேருமுன்பே உயிர் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து மங்கம்மாவை முகாமுக்கு வரச்சொன்னார்கள். அந்த அதிகாரிக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் அதிகமிருக்கும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வருத்தம் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "மேலேந்து பாத்தா ஆளு தெரியாதான்னு கேளு தம்பி" என்றாள்.

கேட்டேன். அந்த வேகத்தில் துணிதான் கண்ணில் படும், துணியைத் தேடத்தான் பழக்கியிருக்கிறோம் என்றார்.

"தெரியாதாம்மா. துணிதான் தெரியுமாம்."

"ஆங்" என்றாள். பிறகு, "அவரு வெளுத்தா அப்டித்தாங்க இருக்கும். அரை மைலுக்குத் தெரியும்" என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதைச் சொல்ல வார்த்தை இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். "மேற்குக் கரையில ஒண்ணும் ஆவாதுன்னு நீதானே சொன்ன" என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் கேட்கவே இல்லை. எழுந்து போனாள்.

ஒரு மாதத்தில் முகாமைப் பிரித்துக்கொண்டு பர்மாவுக்குப் போனார்கள். அங்கே காட்டுக்குள் மாட்டிக்கொண்ட படைக்கு அரிசி மூட்டைகள் குறி தவறாமல் விழுந்ததாகவும், அதனால் பலர் பிழைத்ததாகவும் பின்னால் கேள்விப்பட்டேன். நல்லதுதான். மங்கம்மா நகரிப் பக்கம் தம்பி வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். தேடிப் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது ஏரி கிடையாது. கல் நட்டு மனை பிரித்து, மேற்குக் கரை மூன்று தெருவாகிவிட்டது. போன தையில் ஒரு நாள் அங்கே போய் நின்றேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு பெண், "யாரைப் பாக்கணும்ங்க?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லம்மா. இடம் தப்பி வந்துட்டேன்" என்றேன்.