மாமா வாசித்த அமெரிக்கா

ஒன்பது வயதுவரை அமெரிக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமா சொன்னதுதான். அங்கே குடிதண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் வரும். வெள்ளை மாளிகைக்கு எதிரே தேங்கிய சாக்கடையில் எருமை ஒன்று படுத்திருக்கும். அதை எழுப்பச் சொல்லி மனு கொடுத்தவர்கள் மூன்று வருடமாக அலைந்துகொண்டிருப்பார்கள். நியூயார்க் பஸ் ஸ்டாண்டில் புதுக் கழிப்பறையை மந்திரி ரிப்பன் வெட்டித் திறந்துவைத்த பிறகுதான் அதற்குக் கதவே வைக்கவில்லை என்பது தெரியவரும். இவ்வளவு கஷ்டப்படுகிற ஜனங்களுக்காக, தூங்கப்போகும் முன் செய்கிற ஜெபத்தில் ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ கூடுதலாகச் சொல்லிவந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தார். திண்டுக்கல்லுக்குள் மட்டும் தெரிகிற ஒரு கேபிள் சேனலில் அவருக்கு வேலை. பகலெல்லாம் கம்பத்தில் ஏறி ஒயர் இழுப்பார். சாயங்காலம் ஏழு மணிக்கு, யாரோ வீட்டுக் கல்யாண வீடியோவுக்கும் ஜவுளிக்கடை விளம்பரத்துக்கும் நடுவில், கோட்டு போட்டுக்கொண்டு ‘தலைகீழ்ச் செய்திகள்’ வாசிப்பார். கோட்டு அப்பாவின் கல்யாணக் கோட்டு. பின்னால் தொங்கும் நீலத்திரை நான் குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் போர்வை. இடுப்புக்குக் கீழே கைலிதான், மேசை மறைத்துவிடும். எது வாசித்தாலும் முகத்தில் சிரிப்பு வராது. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது அதற்காகத்தான்.

அந்த அமெரிக்கா திண்டுக்கல்லைத் தாண்டி ஓரடிகூட வைத்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எருமை எந்தத் தெரு எருமை, கதவில்லாத கழிப்பறை எங்கே இருக்கிறது என்று டீக்கடையில் விரல் நீட்டிச் சொல்வார்கள். நான் மட்டும் அதை அப்படியே நம்பினேன். சமூக அறிவியல் பரீட்சையில் ‘அமெரிக்காவின் முக்கியப் பிரச்சினை தண்ணீர் லாரி வராமை’ என்று எழுதி முட்டை வாங்கினேன். அதே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த அம்மாவுக்கு அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் தலைகாட்ட முடியவில்லை.

அந்த வருடம் பூட்டு விவகாரம் வந்தது. அப்பாவுக்குக் கடைவீதிச் சந்து ஒன்றில் ஹார்டுவேர் கடை. ஆணி, கீல், பூட்டு எல்லாம் உண்டு. கொடைக்கானல் போகிற வழியில் வெள்ளைக்காரர் ஒருவர் மனைவியோடு கடைக்கு வந்து, வாசலில் அழகுக்காகத் தொங்கவிட்டிருந்த பெரிய மாங்காய்ப் பூட்டு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதற்கு இரண்டு சாவி. அதில் ஒன்று என் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது. சுண்டுவிரல் நீளத்துக்குப் பளபளவென்று இருக்கிறதே என்று ஒரு மாதத்துக்கு முன்பே எடுத்து வைத்திருந்தேன். வெள்ளைக்காரர் இரண்டு விரலைக் காட்டிக் கேட்டபோது அப்பா டிராயரையெல்லாம் துழாவிவிட்டு, “ஒன் கீ, சார். குட் கீ” என்று சொல்லி அனுப்பிவைத்தார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை.

பத்து நாள் போயிருக்கும். மாமா டிவியில் வந்தார். அமெரிக்காவில் தேர்தலில் தோற்ற ஜனாதிபதி வெள்ளை மாளிகையைக் காலி செய்ய மாட்டேன் என்று சொல்லி, வாசல் கதவுக்குத் திண்டுக்கல் பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காதுகுத்து விருந்துக்குப் போய்விட்டார் என்று வாசித்தார். ஜெயித்தவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது என்று துப்பறியும் நாய்கள் உலகம் முழுக்க மோப்பம் பிடித்து வருகின்றனவாம்.

அப்பா வெள்ளைக்காரருக்கு விற்ற பூட்டுதான் அது. ஜாமெட்ரி பாக்ஸ் மடியிலேயே இருந்தது. அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

ஊருக்கு அது வேறு செய்தி. மார்க்கெட் வியாபாரிகள் சங்கத் தேர்தலில் தோற்ற பழைய தலைவர் ஆபீஸைப் பூட்டிவிட்டுச் சாவி தராமல் திரிந்துகொண்டிருந்தார். பொல்லாத ஆள், கூடவே நாலு தடியர்கள். அவரைப் பற்றி வாயைத் திறக்க எல்லோரும் பயந்த நேரத்தில் மாமா அவருக்கு ஜனாதிபதி வேஷம் கட்டிவிட்டார். இதெல்லாம் நான் காலேஜ் போன பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்குப் பார்த்ததெல்லாம் அப்பாவின் முகத்தைத்தான். எப்போதும் முதல் ஆளாகச் சிரிக்கிறவர் அன்று சிரிக்கவில்லை.

மாமா வீடு வந்ததும் அப்பா எழுந்து கதவைத் தாழ்போட்டார்.

“மாப்ள, இது வேணாம்யா. அவிங்க சும்மா விடமாட்டாய்ங்க.”

“நான் அமெரிக்காவப் பத்தித்தான மச்சான் வாசிச்சேன்?”

“அதெல்லாம் அவிங்களுக்கு வெளங்காமலா இருக்கும்? தேடிக்கிட்டு நேரா வீட்டுக்குத்தான் வருவாய்ங்க.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்துபோனது. அமெரிக்கா எங்கள் வீட்டுக்கு வரப்போகிறது. பூட்டை விற்றது அப்பா. பிடித்துக்கொண்டு போனால் அப்பாவைத்தான் கொண்டுபோவார்கள்.

பயம் என்றால் அப்படி ஒரு பயம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை, பிரசவ அறையில்கூட. மறுநாள் காலையில் கேபிள் ஆபீஸ் ஜன்னலை யாரோ கல்லால் அடித்து உடைத்திருந்தார்கள். ஒயரை அறுத்துவிட்டதால் தெரு முழுக்க டிவியில் புள்ளிதான் ஓடியது. தெருநாய் எங்கள் வாசலில் கொஞ்ச நேரம் நின்று மோந்து பார்த்துவிட்டுப் போனபோது எனக்கு ஒன்றுக்கே வந்துவிட்டது. அந்தோணியாரிடம் முறையிடலாம் என்று கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றேன். அவரோ காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர். இந்த விஷயத்தில் அவர் எந்தக் கட்சி என்று தெரியாததால் ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

மாமாவைச் சேவுகம்பட்டியில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். “யாரு கேட்டாலும் மாமா மெட்ராசுக்குப் போயிருக்காருன்னு சொல்லணும், என்ன?” என்று அம்மா என் தாடையைப் பிடித்துச் சொன்னாள். பொய் சொன்னால் நரகம் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்லிக்கொடுப்பவளும் அவள்தான்.

மூன்றாம் நாள் வயிற்றுவலி என்று மத்தியானமே பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டேன். வலி பொய்யில்லை. மூன்று நாளாகச் சோறு இறங்கியிருந்தால்தானே? அப்பா கடையில், அம்மா வகுப்பில். நான் தனியாகப் படுத்திருந்தேன். வாசலில் வெள்ளை ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர்கள் இரண்டு பேர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, ஒருவருக்குக் கறுப்புக் கண்ணாடி. அமெரிக்கா நம்மூர் ஆட்களைத்தான் அனுப்பும் போல என்று நினைத்துக்கொண்டேன். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். சொம்பைத் தரையில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“பயப்படாத பாப்பா. அப்பா இருக்காரா?” என்றார் கண்ணாடிக்காரர்.

அவர் அப்பா என்று சொன்னதுதான் தாமதம், உள்ளே ஓடி ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து சாவியை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டேன்.

“இதான் சார் ரெண்டாவது சாவி. நான்தான் எடுத்து வச்சிருந்தேன். எங்கப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது சார். பிடிச்சுட்டுப் போயிராதீங்க.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் குந்தி உட்கார்ந்து என் உயரத்துக்கு வந்தார். வாயில் பாக்கு வாசனை.

“சரி, அப்பாவ ஒண்ணும் செய்யல. வேற யாருக்கெல்லாம் தெரியும்?”

“மாமாவுக்கு. அவருதான் எல்லாம் எழுதுவாரு. செவப்பு நோட்டுல எழுதி வச்சிருக்காரு.”

“அப்படியா? மாமா எங்க?”

மெட்ராஸ் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் மாமா இவர்களிடம் விவரமாகப் பேசி அனுப்பிவிடுவார், டிவியிலேயே பேசுகிறவர் ஆயிற்றே, அப்பா தப்பித்துவிடுவார் என்று ஒரு கணக்குப் போட்டேன். பெரியம்மா வீட்டைச் சொன்னேன். சேவுகம்பட்டியில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், வாசலில் என்ன மரம் இருக்கிறது என்பதுவரை சொன்னேன். அவர் என் கன்னத்தைத் தட்டி, “நல்ல பிள்ள” என்றார். ஜீப் போன பிறகு, இருந்த பழைய சோற்றை ஊறுகாயோடு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு, மூன்று நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

அம்மாவின் அழுகுரல் கேட்டுத்தான் எழுந்தேன். மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. முன்பல் இரண்டைக் காணோம். பெரியம்மா வீட்டு வாசலில் வைத்தே அடித்திருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இடத்தைச் சொன்னது யார்? பெரியப்பா வாய் ஓட்டை என்று அப்பா சந்தேகப்பட்டார். பக்கத்து வீட்டு டெய்லரக்காதான் என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள். பன்னிரண்டு வருடம் அந்த அக்காவோடு அவள் பேசவில்லை. அக்கா வீடு காலி செய்து போகும்போது சொல்லிக்கொள்ள வந்து நின்றதற்குக்கூட அம்மா வெளியே வரவில்லை. உள்ளறையில் நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன். இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

மாமா அதற்குப் பிறகு செய்தி வாசிக்கவில்லை. பல் கட்டிக்கொண்டும் ‘ச’ சரியாக வரவில்லை என்று காரணம் சொன்னார். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் எடை போடும் வேலைக்குப் போய் அங்கேயே குடும்பஸ்தராகிவிட்டார். இப்போது நிஜமான அமெரிக்கச் செய்திகளைப் பார்க்கும்போது, இதை மாமாதான் எழுதிக்கொடுத்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றும். மாமாவோ அந்தச் செய்தி வந்தாலே சேனலை மாற்றிவிடுகிறார்.

கட்டுப் போட்ட கையோடு அவர் வீட்டுக்கு வந்த அன்று, எல்லோரும் சமையற்கட்டில் இருக்கும் நேரம் பார்த்து அவர் கட்டிலருகே போனேன். வீங்கிய முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனாலும் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

“மாமா, பூட்டத் தொறந்துட்டாங்களா?”

அவர் சமையற்கட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

“தொறந்துட்டாங்க மருமகளே. எல்லாம் முடிஞ்சுருச்சு. இனிமே யாரும் வரமாட்டாங்க.”

பிறகு இடது கையைச் சிரமப்பட்டு வளைத்துச் சட்டைப் பைக்குள் விட்டு, சுண்டுவிரல் நீளச் சாவியை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினார்.

“யாருகிட்டயும் காட்டாத. அம்மாகிட்டகூட.”

சரி என்று தலையாட்டினேன். வேலை முடிந்ததும் அமெரிக்கா நாணயமாகச் சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஓடிப்போய் அதை ஜாமெட்ரி பாக்ஸில் பழைய இடத்திலேயே வைத்தேன். அது மாமாவின் சட்டைப் பைக்கு எப்படி வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.