சித்தி அளவெடுத்த துவக்கு

என் மகனுக்கு நான் இன்னும் திராட்சைப் பழத்தை நான்காக வெட்டித்தான் கொடுக்கிறேன். அப்படிப்பட்ட நான், சிறுமியாக இருந்தபோது, சாப்பாட்டு மேசையில் வேட்டைத் துவக்கு ஒன்று கழற்றப்படுவதைக் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை எனக்கே நம்ப முடியவில்லை.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலை. ஆகவே சனி, ஞாயிறுகளில் நான் டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் சித்தப்பா வீட்டில் இருப்பேன். அவர் கதவு, ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். கூட வேலை செய்த டேனிஷ்காரர்கள் தங்கள் வேட்டைக் குழுவுக்கு அழைத்தார்கள். சித்தப்பாவும் படித்து வேட்டை அனுமதி எடுத்து, துவக்கும் வாங்கிவிட்டார். அந்த வகைத் துவக்குக்கென்று தனியாக வைக்கும் சூட்டுப் பரீட்சையில்தான் தோற்றுப்போனார்.

பிழை, துவக்கின் குழாயைத் தாங்கித் தோளில் ஊன்றும் கட்டையில் இருந்தது. அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை நெடிய கைகளுக்கென்று செய்யப்பட்டது. சித்தப்பாவோ எங்கள் குடும்பத்திலேயே குள்ளம். தோளில் ஊன்றினால் துவக்கின் மேலுள்ள தொலைநோக்கி கண்ணுக்கு எட்டாது. கழுத்தை நீட்டிச் சுட்டபோது, பின்னால் உதைத்த துவக்கு அவர் புருவத்தைக் கிழித்துவிட்டது. பிளாஸ்டரோடு வந்தவரைப் பார்த்து, "நெற்றிக்கண் திறந்திட்டுது போல" என்றார் சித்தி.

பகிடிதான். ஆனால் அந்தத் துவக்கு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சித்தி சரியாக நித்திரை கொள்வதில்லை. அது பூட்டியிருந்த இரும்பு அலுமாரி உள்ள அறைக்குத் தூசி தட்டக்கூடப் போகமாட்டார். மறுபரீட்சைக்குப் பிறகும் சித்தி நித்திரை கொள்ளாவிட்டால் விற்றுவிடுகிறேன் என்று சித்தப்பா அம்மாவிடம் சொன்னார். சொன்னபோது அவர் முகம் விளையாட்டில் சேர்க்கப்படாத பிள்ளையின் முகம்போல இருந்தது.

ஒரு சனிக்கிழமை வால்நட் மரத்தில் அரைகுறையாகச் செதுக்கிய புதுக்கட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அதைத் தன் கைக்கு ஏற்ற நீளத்தில் அறுக்க வேண்டும். ரண்டர்ஸ் தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் சட்டை தைப்பவர் சித்திதான்.

"இஞ்சரும், இந்த வீட்டில கையளவு எடுக்கத் தெரிஞ்ச ஆள் நீர்தானே?" என்றார் சித்தப்பா.

சித்தி தைத்துக்கொண்டிருந்த ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்தார். பிறகு, "குண்டைத் தள்ளுற அந்தக் கம்பியைக் கழட்டி அலுமாரிக்குள்ள பூட்டிப்போட்டு, திறப்பை என்னட்டைத் தாங்கோ" என்றார்.

திறப்பு கைக்கு வந்ததும் அளவு நாடாவை எடுத்தார். சித்தப்பாவின் முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை பிடித்தார்.

"ஆடாதேங்கோ. பிறகு கக்கம் பிடிக்குது எண்டு என்னைத்தான் சொல்லுவியள்."

கட்டையை அறுத்தாயிற்று. பழைய கட்டையின் அடியிலிருந்த இரண்டு திருகாணிகளைக் கழற்றியதும் துவக்கின் இரும்புப் பகுதி தனியே வந்தது. அதைப் புதுக்கட்டையில் இருத்தினார் சித்தப்பா. குழாயின் முன்பகுதி மரத்தில் எங்கும் முட்டக்கூடாதாம், முட்டினால் குறி பிசகுமாம். குழாய்க்கும் மரத்துக்கும் இடையே கடதாசி விட்டு இழுத்தார். பாதியில் சிக்கியது. எங்கே முட்டுகிறதென்று தெரியாமல் கண்டபடி தேய்த்தார்.

அடுப்படியில் நின்று பார்த்த சித்திக்குப் பொறுக்கவில்லை. சட்டைத்துணியில் அடையாளம் போடும் நீலச் சோக்குக்கட்டியைக் கொண்டுவந்து குழாயின் அடியில் தானே பூசினார். இருத்தி எடுத்தபோது மரத்தில் இரண்டு நீலப் புள்ளிகள். "நீலம் பிடிச்ச இடத்தை மட்டும் தேயுங்கோ" என்றார். பூசுவதும் தேய்ப்பதுமாக மத்தியானம் போயிற்று. புட்டு ஆறிக் கல்லானது. கடைசியில் கடதாசி வழுக்கிக்கொண்டு ஓடியபோது நான் டேனிஷில் கத்தினேன், சித்தப்பா ஆடினார்.

இடையில் ஒரு மாலை அவர் போய்க் குறி சரிபார்த்து வந்தார். மறுபரீட்சை நாளன்று, யாரும் கேட்காமலே சித்தி காரில் ஏறி உட்கார்ந்தார். சூட்டுத்தளத்தில் கொண்டைக்கு மேலால் காதுமூடியை மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார். ஒவ்வொரு வெடிக்கும் என் விரல்கள் நசுங்கின. சித்தப்பா தேறிவிட்டார். தொழிற்சாலை நண்பர்கள் அவரைத் தூக்கிச் சுற்றினார்கள். கட்டையைத் தடவி யார் செய்தது என்று ஒருவர் கேட்க, என் மனைவி தைத்தது என்றார் சித்தப்பா. அவர்களுக்கு விளங்கவில்லை. சித்தி மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

திரும்பும் வழியில் சித்தி முன்சீட்டில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். அவர்கள் வீட்டுத் தெரு வந்தது. சித்தப்பா திரும்பாமல் நேரே போனார். பெற்றோல் நிலையத்தைச் சுற்றி வந்தார், மறுபடியும் தெருவைத் தாண்டினார். எனக்கோ பசி. வீடு அங்கே இருக்கிறதென்று சொன்னேன்.

"ஓம் பிள்ளை. சத்தம் போடாதை."

வென்ற சந்தோசத்தில் சித்தப்பாவுக்கு வழி மறந்துவிட்டது, அதைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று அன்று முடிவுகட்டினேன். இருட்டும்வரை நாங்கள் ரண்டர்ஸைச் சுற்றிக்கொண்டிருந்தோம்.