கூட்ஸ் வண்டி முந்திய நாள்

அவருக்குக் கூட்ஸ் என்று பேர் வைத்தது வேறு யாருமில்லை, சொந்த மச்சினன்தான். மனைவியின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவுக்கு முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போன அன்றே, பத்துப் பேர் நடுவில், "இவர் எங்க மாமா. கூட்ஸ் வண்டி மாதிரி. எப்பக் கிளம்பும், எப்ப வந்து சேரும்னு மட்டும் கேக்காதீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார். முதல் நாள் சிரித்துத் தொலைத்தவன் அப்புறம் முறைத்தால் எவன் மதிப்பான்?

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு, மறுபக்கம் வருவதை நாலாக மடித்து அடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்ற காலில் வேலை. ஐம்பத்திரண்டு வயது, தொப்பை, ஆவி பட்டுப் பட்டுக் கன்றிப்போன முன்கை. வீட்டில் மனைவிக்குத் தம்பிதான் தெய்வம். "என் தம்பியைப் பாருங்க" என்று சொல்லாமல் அந்த வீட்டில் ஒரு வேளை அடுப்பு பற்றாது.

சைக்கிள் விடும் பாதையில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய ஸ்டேஷனில் கிளம்பி, ஒரு குகை, ஒரு நீளப் பாலம், பாறையை வெட்டிய ஆழமான பள்ளங்கள் எல்லாம் தாண்டி, ஏரியை முழுசாகச் சுற்றி அதே ஸ்டேஷனுக்கு வந்தால் முப்பத்தாறு கிலோமீட்டர். தடித்த டயர் போட்ட மலை சைக்கிள் இல்லாமல் அந்த ஜல்லியில் பருப்பு வேகாது. நடுவில் மேய்ச்சல் நிலம் வருவதால் ஐந்து இரும்பு கேட். மாட்டுக்காரர்களோடு குழு பேசிவைத்த ஏற்பாடு இது: முதலில் போகிறவன் கேட்டைத் திறப்பான், கடைசியில் வருகிறவன் இறங்கி மூடிச் சங்கிலி மாட்டுவான்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவன்தான் ஐந்து தடவை இறங்கி ஏற வேண்டும். பின்தங்கினவன் இன்னும் பின்தங்குவான். குழுவில் சேர்ந்த பதினோரு மாதமும் அந்தக் கடைசி ஆள் கூட்ஸ்தான். ஆனால் ஒன்று, ஒரு கேட்டைக்கூட அவர் ஒருநாளும் திறந்து போட்டுவிட்டு வந்ததில்லை.

மூன்று மணி நேரத்துக்குள் சுற்றை முடித்தவர்கள் பேரை ஸ்டேஷனின் பழைய பலகையில் கறுப்பு பெயிண்டால் எழுதுவார்கள். மச்சினன் பேர் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அதில் தன் பேரும் ஏற வேண்டும் என்பதுதான் கூட்ஸுக்கு ஆசை. கூட்ஸ் என்று இல்லை, அப்பா அம்மா வைத்த பேர். ஏறிய பிறகு ஒரு ஞாயிறு மனைவியைக் கூட்டிவந்து சும்மா அந்தப் பக்கமாக நடக்க வேண்டும், அவளாகவே பார்க்க வேண்டும். இதற்காக மூன்று மாதம் யாரிடமும் மூச்சு விடாமல், வேலை முடிந்து தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறி ஏறி இறங்கினார்.

அந்த ஞாயிறு இரண்டாவது கேட்டை மூடிவிட்டு வந்தவர், பாலத்துக்கு வந்தபோது முன்னால் மருந்துக்கடைக்காரரின் முதுகைப் பார்த்தார். எப்போதும் கடைசிக்கு முந்தின ஆள் அவர். நமக்குப் பின்னால் கூட்ஸ் இருக்கிறாரே என்ற தைரியத்தில் ஹாயாக ஓட்டுவார். கூட்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். பாலத்தின் நடுவில் தாண்டியேவிட்டார். தாண்டியவர் சும்மா போயிருக்கலாம். பதினோரு மாதக் குமுறல் விடுமா?

"சார், இனிமே கேட்டு உங்க பொறுப்பு!" என்று கத்தினார்.

அதே சமயம் ஏரிக்கு அக்கரையில், தண்ணீர் குடிக்க நின்றிருந்த சிவப்புச் சட்டை ஒரு கையைத் தூக்கி ஆட்டியது. அந்தக் குழுவில் சிவப்புச் சட்டை மச்சினன் ஒருவன்தான். கூட்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது கேட், நாலாவது, ஐந்தாவது. இறங்கவே இல்லை, விருட்டென்று போய்க்கொண்டே இருந்தார்.

இரண்டு மணி ஐம்பத்தோரு நிமிஷம்! "அட, கூட்ஸா இது!" என்று நாலு பேர் கை தட்டினார்கள். எழுத்து அழகாக எழுதும் வாத்தியார் உடனே பெயிண்ட் டப்பாவைத் திறந்து, பலகையில் அவர் பேரின் முதல் எழுத்தைப் போட்டார். கூட்ஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுகை வந்துவிட்டது அவருக்கு.

நாலு நிமிஷம் கழித்து மருந்துக்கடைக்காரர் வந்தார். கொஞ்ச நேரத்தில் மொபெட்டில் மாட்டுக்காரம்மா வந்து இறங்கினாள்.

"மூணாவது கேட்டை எவன் திறந்து போட்டது? என் கன்னுக்குட்டி பள்ளத்துல விழுந்து ரெண்டு காலும் போச்சு. டாக்டர் ஊசி போட்டுக் கொன்னுட்டு இப்பத்தான் போறாரு. எவன்டா அது?"

அத்தனை கண்ணும் கூட்ஸ் பக்கம் திரும்பின. கேட் என்றால் அவர்தானே!

"நான் கடைசி இல்லம்மா. பாலத்துலயே சாரைத் தாண்டிட்டேன்" என்றார் கூட்ஸ்.

மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். இறங்கி அந்தக் கேட்டை மூடியிருந்தால் தான்தான் கடைசி என்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி. அந்த வீம்பில் ஒரு கன்று போயிற்று. "என்னையா? நான் மூணாவது கேட்டைத் தாண்டும்போது இவர் எனக்குப் பின்னாடிதான் வந்துட்டிருந்தாரு."

"அப்புறம் எப்படி உங்களுக்கு முன்னாடி இங்க வந்தாரு?" என்றார் வாத்தியார்.

"நாலாவது கேட் தாண்டினா குவாரி ரோடு இருக்கே. அதுல குறுக்கா வந்தா ஆறு கிலோமீட்டர் மிச்சம்."

அடப்பாவி! அவ்வளவுதான். இவர் எப்படி அவரைத் தாண்ட முடியும் என்று யோசித்தவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. முழங்கால் ஒடிய மிதித்து வந்ததே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

"மாப்ளே, நீ பாத்தியே! அக்கரையில நின்னு கை ஆட்டினியே, சொல்லு!"

மச்சினன் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். "அவ்ளோ தூரத்துல ஆள் அடையாளம் தெரியுமா மாமா? நான் ஈ விரட்டியிருப்பேன்."

ஒருத்தன் வாய்விட்டுச் சிரித்தான். வாத்தியார் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து அந்த ஒற்றை எழுத்தைத் துடைத்தார். பெயிண்ட் காயவில்லை, சுத்தமாகப் போய்விட்டது. மாட்டுக்காரம்மா கூட்ஸ் முகத்துக்கு நேரே வந்து, "நீயெல்லாம் ஒரு மனுஷன்" என்று சொல்லிக் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் மச்சினன் வீட்டுக்கு வந்தான். அக்கா சமையலறையில் இருந்தாள். நாற்காலியை மாமாவின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினான்.

"பாத்தேன் மாமா. பிரமாதமா ஓட்டினீங்க. நானே அசந்துட்டேன்."

"அப்ப ஏன்டா வாயைத் திறக்கல?"

"மருந்துக்கடைக்காரர் பையனுக்குத்தான் என் பொண்ணைப் பேசிட்டிருக்கோம். நாளைக்குச் சம்பந்தி ஆகப்போறவரை அத்தனை பேர் முன்னாடி பொய்யர்னு நான் சொல்றதா? நீங்க நம்ம வீட்டு ஆளு. தாங்கிக்குவீங்க."

கூட்ஸ் துள்ளி எழுந்தார். "ஏய், இங்க வா! உன் தம்பி பாத்தானாம்! அவன் வாயாலயே சொல்றான், கேளு!"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னத்தைடா பாத்தே?"

மச்சினன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "ஒண்ணுமில்லக்கா. மாமா ரொம்ப மனசு ஒடஞ்சிருக்காரு. திட்டாதே, பாவம்."

அவள் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "வாயில்லா ஜீவனைக் கொன்னாச்சு, இப்ப என் தம்பி மேல பழியா? குறுக்கு வழியில வந்தேன்னு ஒத்துக்கிட்டாத்தான் என்ன, தலையா போயிடும்? இந்த உடம்பை வெச்சிக்கிட்டு நீங்க ஒருத்தரை முந்தினீங்கன்னா கேக்கறவன் சிரிக்க மாட்டானா?"

கூட்ஸ் மச்சினனைப் பார்த்தார். அவன் நேராகவே பார்த்தான், கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

"குறுக்கு வழியிலதான் வந்தேன்" என்றார் கூட்ஸ்.

"கேட்டு?" என்றாள் அவள்.

"நான்தான் மூடல."

"அப்பாடா, இதைக் காலையிலயே சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமா?" என்று சொல்லிவிட்டு, தம்பிக்கு டீ போட உள்ளே போனாள்.