பன்னிரண்டாவது திருப்புளி

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சலவை இயந்திரத்துக்கு பெல்ட் மாற்றியது. பின்மூடியைப் பொருத்தப் போனேன். அப்பா தடுத்தார்.

"இரு. கருவி எட்டுதான் இருக்கு. ஒன்பது எடுத்தோம்."

"ஆரம்பிச்சிட்டாரு!" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து. "என் வளையலைத் தொலைச்சப்போ இப்படித் தேடினாரா?"

சின்னத் திருப்புளி என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டினேன். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தாறு வருடமாகச் சொல்லாததை அங்கேதான் சொன்னார்.

போரின்போது அவர் குண்டுவீச்சு விமானங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். கருவிப் பெட்டியைத் திறக்கும்போது எண்ண வேண்டும், மூடும்போது எண்ண வேண்டும், கணக்கு சரியாக இருந்தால்தான் கையெழுத்து. அன்று மதியம், விமானம் ஒருமுறை போய்த் திரும்பி, மறுபடியும் கிளம்ப அரை மணி நேரமே இருந்தது. வால் பக்கம், விமானத்தைத் திருப்பும் கட்டுப்பாட்டுக் கம்பிகள் ஓடும் இடுக்கில் வேலை. அவசரத்தில் முதலில் கையெழுத்துப் போட்டார், பிறகு எண்ணினார். பன்னிரண்டு திருப்புளிகளில் பதினொன்றுதான் இருந்தது.

அதற்குள் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது. விமானி தன் இருக்கைக்கு மேலிருந்த கண்ணாடி மூடியைத் தள்ளிக் கத்தினான்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? பறக்கப்போறது நான்தானே?"

அப்பா கையைத் தூக்கியிருந்தால் விமானம் நின்றிருக்கும். ஆனால் முந்தின வாரம் அப்படி நிறுத்திய ஒருவரை, எல்லோர் முன்னாலும் கோழை என்று அதிகாரி திட்டியிருந்தார். அதே அதிகாரி பக்கத்தில், கடிகாரத்தைப் பார்த்தபடி. அப்பாவின் கை எழவில்லை.

ஐந்து விமானங்கள் போயின. மூன்று திரும்பின. அந்த விமானி வரவில்லை. எதிரியின் பீரங்கி என்றார்கள். அப்பாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. திருப்புளியும் கடைசிவரை கிடைக்கவில்லை.

"பீரங்கிதாம்பா," என்றேன். "ரெண்டு விமானம் விழுந்திருக்கே."

"இருக்கலாம். நீ இன்ஜினீயர்தானே, கணக்குப் போட்டு உறுதியா சொல்லு."

நான் லிஃப்ட்டுகளைப் பரிசோதிப்பவள். ஒரு சாண் இரும்பு, நகரும் கம்பி, குறுகிய இடுக்கு. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

விமானியின் தங்கை இதே ஊரில், எங்கள் வீட்டிலிருந்து எட்டாவது பஸ் நிறுத்தத்தில் இருக்கிறார். அப்பாவுக்கு முகவரி பல வருடமாகத் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போம்மா. நீ ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல நில்லு, போதும். எனக்குப் பயமா இருக்கு."

சனிக்கிழமை காலை, ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பிறகு எழவில்லை. ஒரு ஷூதான் முடிந்திருந்தது.

அவர் சட்டைப் பையில் முகவரிச் சீட்டு இருந்தது. அடியில், 'ஞாயிறு, பத்து மணி'.