பௌர்ணமியை எண்ண மறந்த பக்கம்

அணுமின் நிலையம் பற்றி மாநில அரசுக்கு யோசனை சொல்லும் குழுவில் இருந்தேன் என்று சொன்னால், என்னைப் பெரிய விஞ்ஞானி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அறிக்கையில் என்னுடையது ஒரே ஒரு பக்கம். நிலம், தண்ணீர், மின்பாதை என்று மற்றவர்கள் ஆளுக்கொரு பகுதியை எழுதினார்கள். ஆபத்து என்று ஒன்று வந்தால் சுற்றியிருக்கும் மக்களை எப்படி வெளியேற்றுவது என்பது என் தலையில் விழுந்தது. உலை கட்டுவது மத்திய அரசின் பாடு, ஜனங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மாநிலத்தின் பாடு. எங்கே கட்டுவது என்று யாரும் முடிவு செய்திருக்கவில்லை. நாளைக்கு முடிவெடுக்க நேர்ந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று அதிகாரிகளுக்குப் புரிய வைக்க, திருவண்ணாமலையை ஒரு மாதிரிக்கு எடுத்துக்கொண்டோம். அவ்வளவுதான்.

இந்த ஊரை எடுக்கலாம் என்று சொன்னதே நான்தான். பிறந்து வளர்ந்த ஊர், சந்து பொந்தெல்லாம் தெரியும் என்ற திமிர். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புகிற ரகம் நான். அதனால் எண்ணிக்கையில் எதையும் விடவில்லை. வீடுகள், பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள், லாட்ஜ் அறைகள், ஆசிரமங்களில் மாதக்கணக்காகத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் வரை எல்லாரையும் எண்ணினேன். எந்தப் பகுதி ஜனம் எந்தச் சாலை வழியாக வெளியேற வேண்டும் என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டேன். மூன்று முறை சரிபார்த்துவிட்டு அனுப்பினேன்.

என் அண்ணன் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் டிபன் கடை வைத்திருக்கிறார். வேலை ஆரம்பித்த நாளிலிருந்தே அவருக்கு ஒரே கேள்வி. "ஏதாவது ஆச்சுன்னா எங்கள எந்தப் பக்கம் போகச் சொல்லி எழுதியிருக்க?" எனக்கு எரிச்சல் வரும். "அதெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கேண்ணா, நீ தோசையப் பாரு" என்று வாயை அடைத்துவிடுவேன்.

சென்னையிலிருந்து வரும் அதிகாரிகளுடன் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் கூட்டம் என்று தேதி குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் பௌர்ணமி. அண்ணனுக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. பௌர்ணமி அன்று கடையை விட்டு அவரால் நகர முடியாது. நான் வாங்கிக்கொண்டு சாயங்காலம் ஸ்கூட்டரில் கிளம்பினேன். போலீஸ் வழியிலேயே நிறுத்தி, இதற்குமேல் வண்டி போகாது என்றார்கள். ஓரமாக நிறுத்திவிட்டுக் கூட்டத்தோடு நடந்தேன்.

உள்ளூர்க்காரர்களுக்குப் பௌர்ணமி என்பது வெளியே போகாத நாள். சிலிண்டரை முந்தின நாளே வாங்கிவிடுவோம். பல் டாக்டர் தேதி கொடுத்தால்கூட முதலில் காலண்டரில் பௌர்ணமியா என்று பார்த்துக்கொள்வோம். லட்சக்கணக்கில் வந்து மலையைச் சுற்றிவிட்டுப் போகிற ஜனம் எங்களுக்கு மழை மாதிரி. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால் விடிந்ததும் ஓய்ந்திருக்கும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

பாதி தூரத்தில் ஓர் அன்னதானப் பந்தல். அங்கே எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்துக் குபுகுபுவென்று புகை எழும்பியது. யாரோ கத்தினார்கள். முன்னால் போனவர்கள் நின்றார்கள், பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியாது. இரண்டு நிமிடம் இருக்கும். மூச்சு விட இடமில்லாமல் ஒரு மதில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். யாரோ ஒரு பெண்மணி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "எந்தப் பக்கம்மா போவணும்?"

என்னைப் போய்க் கேட்டாள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்தவளை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் என் கணக்கில் இல்லை. என்னைச் சுற்றி நெருக்கிக்கொண்டிருந்த ஒருத்தரும் இல்லை. அடி அண்ணாமலைக்காரர்கள் பஸ்ஸில் ஏறிப் போக வேண்டும் என்று நான் அம்புக்குறி போட்ட சாலை இதுதான். இதில் ஒரு சைக்கிள்கூட நகராது.

சாக்கை நனைத்துப் போட்டுத் தீயை அணைத்துவிட்டார்கள். அரோகரா என்று கூட்டம் மறுபடி நகர்ந்தது. அந்தப் பெண்மணியும் கையை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கடைக்குப் போய் மாத்திரையைக் கொடுத்துவிட்டு அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கரண்டியும் கையுமாக என்னையே பார்த்தார். "நீ இந்த ஊர்லதானே பொறந்த? வெளியூர்க்காரன் எழுதியிருந்தா மொதல்ல இதத்தான் கேட்டிருப்பான்."

அங்கிருந்தே குழுத் தலைவருக்குப் போன் போட்டேன். ஓய்வு பெற்ற அதிகாரி, தன்மையான மனிதர். "எல்லாம் பிரிண்ட் எடுத்தாச்சும்மா. நாளைக்கு நேர்ல பேசிக்கலாம்" என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் இதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. எனக்குப் பிறகு யாராவது அந்தப் பக்கத்தைப் புரட்டி, சரியாகத்தானே இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டால்?

மறுநாள் கூட்டத்தில் என் முறை வந்ததும் எழுந்து, என் கணக்கு தப்பு என்றேன். ஏன் தப்பு என்றும் சொன்னேன்.

"சரி, அவங்களையும் சேர்த்தா எவ்வளவு பேர்?" என்று தலைவர் கேட்டார்.

"தெரியாதுங்க சார். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மாறும். ஒரு வருஷமாவது கூட இருந்து எண்ணணும்."

சென்னை அதிகாரி ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அப்ப ஒண்ணு செய்யலாம். இந்தப் பக்கத்த எடுத்துடுவோம். மீதிய ஏத்துக்கலாம்."

எல்லாருக்கும் நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பான பக்கத்தையாவது யாராவது ஒருநாள் கேள்வி கேட்பார்கள். பக்கமே இல்லையென்றால் நிலம் இருக்கும், தண்ணீர் இருக்கும், மின்கம்பி இருக்கும், ஜனம் மட்டும் இருக்காது.

"எடுக்காதீங்க சார்" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ஒரு வெள்ளைத்தாளை இழுத்து அங்கேயே எழுதினேன். 'பௌர்ணமி நாளில் இங்கே எத்தனை பேர் இருப்பார்கள், அவர்களை எப்படி வெளியேற்றுவது என்பது எங்களுக்குத் தெரியாது.' கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

தலைவர் இரண்டு தடவை படித்தார். "தெரியாதுன்னு ஒரு பக்கமா?" என்று கேட்டார். பழைய பக்கத்தை உருவிவிட்டு என் தாளை அந்த இடத்தில் வைத்தார். அடுத்த பகுதிக்குப் போனார்கள்.

வெளியே வந்ததும் அண்ணன் போன் செய்தார். "சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேண்ணா. எங்களுக்குத் தெரியாதுன்னு எழுதியே குடுத்துட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்றார். குரலில் அப்படி ஒரு நிம்மதி. "தெரிஞ்சுக்கிட்ட அப்புறம்தானே எதையும் ஆரம்பிப்பாங்க?"

ஆமாம் என்று சொல்லிவிட வாய் துறுதுறுத்தது. சொல்லியிருந்தால் அவரும் அடுப்பைப் பார்க்கப் போயிருப்பார்.

"அது எனக்குத் தெரியலண்ணா."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.